பதினைந்து கிலோவும் ஒரு பாட்டில் தண்ணீரும்

என் வயதுக்காரர்களுக்கு 'சஃபாரி' என்றதும் முதலில் நினைவுக்கு வருவது காடு இல்லை, ஆண்களின் உடை. எண்பதுகளில் அதிகாரிகளும் கல்யாண மாப்பிள்ளைகளும் மந்திரிகளின் பாதுகாவலர்களும் போட்டிருந்த, பை வைத்த அரைக்கைச் சட்டையும் அதே துணியில் பேன்ட்டும். பெண்களுக்கு சஃபாரி தைத்துக் கொடுத்த டெய்லரை நான் பார்த்ததில்லை. சுவாஹிலி மொழியில் அந்தச் சொல்லுக்குப் பயணம் என்பதுதான் பொருள். அரபியிலிருந்து போன சொல். மகளைப் பார்க்க நைரோபியிலிருந்து மொம்பாசாவுக்கு பஸ் ஏறும் பாட்டியும் சஃபாரிதான் போகிறார்.

போன வருடம் ஜூன் மாதம் நாங்கள் மூன்று பெண்கள் கென்யாவின் மசாய் மாராவுக்குப் போய்வந்தோம். தென்மேற்கு மூலையில், தான்சானியா எல்லையை ஒட்டி இருக்கும் 1,510 சதுர கிலோமீட்டர் புல்வெளிக் காப்பகம் அது. எல்லை தாண்டினால் அதே புல்வெளிக்கு செரெங்கெட்டி என்று பெயர். எனக்கு 52 வயது. அக்காவுக்கு 60, மே மாதம்தான் ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். மூன்றாவது ஆள் அக்காவின் நாத்தனார், நான் மதினி என்று கூப்பிடுபவர், 56 வயது. மூன்று வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். திரும்பி வந்ததிலிருந்து தெரிந்த பெண்களெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?" சஃபாரி பற்றிய கையேடுகளில் இதற்குப் பட்டியல் இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியல்கள் வீட்டில் யாரிடமும் கேட்காமல் கிளம்பக்கூடிய, நினைத்த இடத்தில் நின்றபடி சிறுநீர் கழிக்கக்கூடிய ஒருவருக்காக எழுதியவை போலத்தான் எனக்குப் பட்டன. எங்கள் பட்டியல் கொஞ்சம் வேறு.

முதலில் காகிதங்கள். பாஸ்போர்ட் எடுக்கக் கணவரின் சம்மதக் கடிதம் வேண்டும் என்று இன்றைக்கும் நம்புகிற பெண்கள் இருக்கிறார்கள். வேண்டாம். 2016 டிசம்பரில் விதிகள் மாறிய பிறகு திருமணச் சான்றிதழும் கேட்பதில்லை. பாஸ்போர்ட் இருந்தால், பயணத் தேதியிலிருந்து ஆறு மாதமாவது அது செல்லுபடியாக வேண்டும். கென்யாவுக்கு 2024 ஜனவரியிலிருந்து விசா கிடையாது; அதற்குப் பதில் இணையத்தில் பயண அனுமதி வாங்க வேண்டும். அதை நீங்களே விண்ணப்பித்துப் பழகுங்கள், மகனிடம் கொடுக்காதீர்கள். அச்செடுத்து ஒரு பிரதி கைப்பையில் வையுங்கள்.

அடுத்தது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. அந்த நோய் உள்ள நாடுகளின் பட்டியலில் கென்யா இருப்பதால், ஊசி போட்ட மஞ்சள் அட்டை இல்லாமல் திரும்பி வந்தால் இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். பயணத்துக்குப் பத்து நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். எல்லா ஆஸ்பத்திரியிலும் போட மாட்டார்கள். அரசு அனுமதித்த மையங்களில் மட்டும்தான். நாங்கள் மதுரையிலிருந்து ரயிலேறி கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனோம். அறுபது வயதைத் தொட்டவர்களுக்கு இந்த ஊசியால் பக்கவிளைவு வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால் அக்கா முதலில் தன் டாக்டரிடம் பேசினாள். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மார்களும் அப்படித்தான் பேச வேண்டும்.

எப்போது போவது என்பது பணத்தைப் பொறுத்தது. ஜூலையிலிருந்து அக்டோபர் வரை லட்சக்கணக்கான காட்டெருமைகளும், கூடவே வரிக்குதிரைகளும் செரெங்கெட்டியிலிருந்து மாராவுக்கு வந்து போகும். அதைப் பார்க்கத்தான் கூட்டம். 2024இல் வந்த கட்டண விதிப்படி வெளிநாட்டவருக்கு மாராவில் ஒரு நாள் நுழைவுக் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் 200 டாலர். நாங்கள் ஜூன் என்று முடிவு செய்தது அதனால்தான். சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி, சிவிங்கிப்புலி எல்லாம் வருடம் முழுக்க அங்கேயேதான் இருக்கின்றன.

கட்டணப் பட்டியலில் பெண்கள் கவனிக்க வேண்டிய ஒரு வரி உண்டு. அங்குள்ள முகாம்களில் பெரும்பாலும் இருவர் ஒரு கூடாரத்தைப் பகிர்வதாக வைத்துத்தான் தலைக்கு இவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். தனியாக வந்தால் கூடுதலாகக் கட்ட வேண்டும். உலகம் ஜோடிகளுக்காகக் கட்டப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான ரசீது கிடைக்காது. விதவைகளும், மணமாகாதவர்களும், கணவரை விட்டுவிட்டு வருபவர்களும் தண்டம் கட்டுகிறார்கள். கூட்டமில்லாத மழைக்கால மாதங்களில் சில முகாம்கள் இதைத் தள்ளுபடி செய்யும். கேளுங்கள், கேட்டால்தான் சொல்வார்கள். மூவர் தங்கும் கூடாரம் உண்டா என்றும் கேளுங்கள். எங்களுக்கு அப்படித்தான் கிடைத்தது.

இனி பெட்டி. நைரோபியின் வில்சன் விமான நிலையத்துக்கும் மாராவின் புல்தரை ஓடுதளங்களுக்கும் இடையே சிறிய விமானங்கள் பறக்கின்றன. அவற்றில் ஆளுக்கு 15 கிலோதான், கைப்பையும் சேர்த்து. சாமான் வைக்கும் இடம் குறுகல் என்பதால் சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி ஆகாது, அமுங்கிக் கொடுக்கும் துணிப்பைதான் சரி. நாங்கள் போகும்போது சாலை வழி, வரும்போது விமானம். அதனால் முதலிலிருந்தே 15 கிலோவுக்குள் இருக்க வேண்டியிருந்தது.

மதினியிடம் இரண்டு பட்டியல்கள் இருந்தன. ஒன்று எடுத்துப் போவது. மற்றொன்று விட்டுப் போவது: எட்டு நாளைக்கு மாவு, புளிக்காய்ச்சல், மூன்று வகைப் பொடி, மாமியாரின் மாத்திரைகள் கிழமை வாரியாக, பால்காரர் கணக்கு, கேஸ் புக் செய்யும் எண், வாஷிங் மெஷினில் எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்பது. அவருடைய மகனுக்கு 28 வயது, மென்பொருள் எழுதுகிறான். இரண்டாவது பட்டியல் முதலாவதைவிட நீளம். கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பிருந்து மதினி நின்றபடியே இருந்தார். பெண்கள் பயணத்துக்குத் தயாராவது என்றால், தான் இல்லாதது யாருக்கும் தெரியாதபடி ஒரு வீட்டை ஏற்பாடு செய்வது. இந்தச் சுமையை எந்த விமான நிறுவனமும் எடை போடுவதில்லை. முதல் சஃபாரிக்கு நான் சொல்லும் யோசனை: இரண்டாவது பட்டியலை ஒரே பக்கத்தில் முடியுங்கள். மாத்திரைகள் மட்டும் இருக்கட்டும். மாவுக்குக் கடை இருக்கிறது.

உடையைப் பற்றிப் பெரிதாக பயமுறுத்துவார்கள். காக்கியில் புதிதாக எதுவும் வாங்கத் தேவையில்லை. மங்கலான பழுப்பு, பச்சை, சாம்பல் நிறத்தில் நாலு செட் பருத்தி உடைகள் போதும், முகாமில் துவைத்துக் கொடுப்பார்கள். கறுப்பும் அடர்நீலமும் வேண்டாம். அங்கே தெத்ஸி என்றொரு ஈ உண்டு. துணிக்கு மேலேயே கடிக்கும், அந்த இரண்டு நிறங்களைத் தேடி வரும். அதைப் பிடிக்க வைக்கும் பொறிகளையே அந்த நிறத் துணியில்தான் செய்கிறார்கள். ராணுவ உடை போன்ற திட்டுத் திட்டான துணியைச் சில ஆப்பிரிக்க நாடுகளில் பொதுமக்கள் அணியத் தடை இருக்கிறது, அதையும் தவிருங்கள். மாரா 1,500 மீட்டருக்கு மேல் இருக்கும் மேட்டுநிலம். பூமத்திய ரேகைக்குப் பக்கம்தானே என்று நினைத்தால் காலை ஆறு மணிக்குத் திறந்த வண்டியில் பல் கிட்டிக்கும். ஊட்டிக்கு எடுத்துப் போகும் ஸ்வெட்டரும் காதை மூடும் குல்லாவும் வேண்டும். பத்து மணிக்கு வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாகக் கழற்றலாம்.

அக்கா வாழ்நாளில் பேன்ட் போட்டதில்லை, போடவும் மாட்டேன் என்றாள். தொளதொளப்பான பைஜாமாவும் முழங்காலுக்குக் கீழே வரும் குர்தாவும் எடுத்துக்கொண்டாள். கடைசியில் எங்கள் மூவரில் சரியான உடை அவளுடையதுதான். ஏன் என்று பிறகு சொல்கிறேன். 1890களில் மேற்கு ஆப்பிரிக்காவில் தனியாகப் பயணம் செய்த மேரி கிங்ஸ்லி, விலங்குகளுக்காக முள்கம்பு நட்டு வைத்திருந்த குழியில் விழுந்தும் பிழைத்தது அவருடைய கனத்த பாவாடையால்தான் என்று அவரே எழுதியிருக்கிறார். எந்த உடையில் நம் உடம்பு நமக்குச் சொந்தமாக இருக்கிறதோ அது போதும்.

ஒன்றை மட்டும் பணம் கொடுத்து வாங்குங்கள்: நன்றாக இறுக்கிப் பிடிக்கும் ஸ்போர்ட்ஸ் பிரா. காப்பகத்துக்குள் சாலை என்பது குழிகளின் வரிசை. அதில் நாளுக்கு ஏழெட்டு மணி நேரம் குலுங்க வேண்டும். ஆண்கள் எழுதிய பட்டியல்களில் இது இருக்காது.

மருந்துப்பை. மாராவில் மலேரியா உண்டு. எந்த மாத்திரை என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் டாக்ஸிசைக்ளின் எழுதிக் கொடுத்தால் இரண்டு விஷயம் கேளுங்கள். அது தோலை வெயிலுக்குக் கூசச் செய்யும். சில பெண்களுக்குப் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்றையும் கொண்டுவரும். கூச்சப்படாமல் அதற்கும் மருந்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உப்பு-சர்க்கரைப் பொட்டலம், கொசு மருந்து, சிறுநீர்த் தொற்றுக்கு டாக்டர் தந்த மாத்திரை, அதன் சீட்டு. அவசரத்துக்கு விமானத்தில் நைரோபிக்குக் கொண்டுபோகும் காப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள்.

மாதவிடாய். எனக்கு அது நிற்கும் வயது. வந்தால் நாற்பது நாள், வராவிட்டால் மூன்று மாதம் என்று அதன் இஷ்டம். தேதி பார்த்துப் பயணத்தை வைக்க முடியாது. அதனால் 'வந்தாலும் வரும்' என்றே பையைக் கட்டினேன். கப் பழகியவர்களுக்கு அதுதான் சுலபம், குப்பை மிஞ்சாது. நாப்கின் என்றால் பயன்படுத்தியதைச் சுற்ற நிறையப் பழைய செய்தித்தாளும், அவற்றை முகாம் வரை கொண்டுவர மூடும் துணிப்பையும் வேண்டும். புல்வெளியில் எதையும் விட்டு வரக்கூடாது. கடையில் தரும் பிளாஸ்டிக் பையோடு கென்யாவுக்குள் போகாதீர்கள். 2017 ஆகஸ்ட் 28 முதல் அங்கே அது தடை, தண்டனை கடுமை. 2020 ஜூன் முதல் காப்பகங்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலும் கூடாது. அந்தத் தடைகள் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மெல்லிய பிளாஸ்டிக் பைகளுக்கு எதிராகப் பேசிவந்தவர் வாங்காரி மாத்தாய், 2004இல் அமைதிக்கான நோபல் பெற்றவர். அதே 2004இல்தான் நாப்கின் மீதான வரியைக் கென்யா நீக்கியது. நமக்கு அது நடக்க 2018 ஆனது.

இப்போது தண்ணீர்.

அக்கா 33 வருடம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தாள். அதில் பாதிக்கு மேல், தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறை ஆசிரியைகளுக்கு இல்லாத பள்ளிகளில். காலையில் அரை டம்ளர் காபி. பிறகு சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் தண்ணீர். இரண்டு முறை சிறுநீரகத் தொற்று வந்து படுத்திருக்கிறாள். அதை யாரும் வேலையால் வந்த நோய் என்று சொல்லவில்லை. "ஒழுங்கா தண்ணி குடிக்கிறதில்ல" என்று டாக்டர் அவளைத்தான் திட்டினார்.

அவளுடைய பையில் எல்லாம் இருந்தது, தண்ணீர் பாட்டில் இல்லை. வண்டியில் போகும் முழு நாளுக்கும் அவளிடம் ஒரு திட்டம் இருந்தது. "காலைல காபியை விட்டுட்டா சாயங்காலம் வரைக்கும் தாங்குவேன்டி. எனக்குப் பழக்கம்தானே." நானும் மதினியும் சொல்லிப் பார்த்தோம். கேட்கவில்லை. முதல் நாள் மதியமே தலைவலி. முகம் வெளுத்துவிட்டது. ஒரு யானைக் கூட்டம் எங்கள் வண்டியைச் சுற்றிக்கொண்டு போனபோது அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். மூன்று வருடச் சீட்டுப் பணம் அந்த மூடிய கண்ணுக்கு வெளியே நடந்து போனது.

அன்று இரவு எங்கள் கைடு, முப்பது வயதுக்குள் இருக்கும் மசாய் இளைஞர், சாப்பாட்டு மேசைக்கு வந்து மறுநாள் நிரலைச் சொன்னார். எந்தப் பக்கம் போவோம், எப்போது சாப்பாடு என்று சொல்லும் அதே குரலில் இதையும் சொன்னார்: ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வண்டியில் இருக்கும், அது தீர வேண்டும். இறங்க வேண்டுமென்றால் 'டயரைப் பார்க்கணும்' என்று சொன்னால் போதும். எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்வேன். தான்சானியாவில் இதற்கே 'மருந்து தோண்டப் போகிறேன்' என்று சொல்வழக்கு உண்டாம்.

காப்பகத்துக்குள் நினைத்த இடத்தில் வண்டியை விட்டு இறங்க முடியாது. கைடு இடம் பார்க்க வேண்டும்: புல் குட்டையாக, புதரோ கரையான் புற்றோ பக்கத்தில் இல்லாமல். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். முதலில் அவர் இறங்குவார். பிறகு வண்டிக்கு அந்தப் பக்கம், நமக்கு முதுகு காட்டி, தூரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நாம் இந்தப் பக்கம் டயரோரம். நீளக் குர்தா அங்கேதான் உதவுகிறது. உட்கார்ந்தால் அதுவே நாலு பக்கமும் மறைப்பு. பேன்ட் போட்ட நானும் மதினியும் துண்டைப் பிடித்துக்கொண்டு தடுமாறினோம். முட்டி மடங்காதவர்களுக்கு, நின்றபடி சிறுநீர் கழிக்க உதவும் காகிதப் புனல் இப்போது நம் ஊரிலேயே விற்கிறது. வீட்டில் இரண்டு முறை பழகிவிட்டுக் கொண்டுபோங்கள். துடைத்த காகிதம் பைக்குள் திரும்பி வர வேண்டும்.

இரண்டாம் நாள் ஒன்பதரை மணி. அக்கா முன்னால் குனிந்து, தமிழிலேயே, "தம்பி, டயரு" என்றாள். அவர் தலையாட்டிவிட்டு இடம் பார்க்கத் தொடங்கினார். திரும்பி ஏறியதும் அக்கா ஒரு பாட்டிலை முழுசாகக் குடித்தாள். அன்றைக்கு நான்கு முறை இறங்கினாள்.

நான் அதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். அந்த இடத்தில் கழிப்பறையே கிடையாது. சுவரில்லை, கதவில்லை, எங்கோ சிங்கம் வேறு இருக்கிறது. அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடங்களைவிட மோசமான இடம். ஆனாலும் அங்கே நடந்தது, இங்கே நடக்கவில்லை. ஒரு பெண்ணின் மூத்திரப்பையும் அன்றைய வேலைத் திட்டத்தில் ஓர் அம்சம் என்று ஒருவர் முந்தைய நாளே எண்ணியிருந்தார், அவ்வளவுதான். முகாமை ஏற்பாடு செய்யும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்: நாள் முழுக்க வண்டியில் என்றால் எங்கே, எப்படி இறங்குவோம்? அந்தக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்பவரிடம் முன்பணம் கட்டுங்கள்.

அங்கே இன்னொரு விதியும் உண்டு. இருட்டிய பிறகு கூடாரத்தை விட்டுத் தனியாக வெளியே வரக்கூடாது. வேலியில்லாத முகாம்களில் இரவில் நீர்யானை மேய வரும். சாப்பிடப் போக வேண்டுமென்றால் டார்ச் அடிக்க வேண்டும். அஸ்கரி என்கிற காவலர் வந்து கூட்டிப் போவார். இருட்டினால் தனியாகப் போகாதே என்பதைப் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறோம். ஆனால் பக்கத்துக் கூடாரத்தில் ஆறடி உயர வெளிநாட்டுக்காரர் ஒருவர் வாசலில் நின்று டார்ச்சை ஆட்டிக்கொண்டு, தன்னை யாராவது அழைத்துப் போக வருவார்களா என்று காத்திருந்ததை முதன்முறையாகப் பார்த்தோம். அக்கா மெதுவாகச் சொன்னாள்: "இங்க ஆம்பளைங்களும் நம்மள மாதிரியே இருக்காங்கடி." நீர்யானையிடம் பயம் இருந்தது. ஆனால் அந்த பயத்தில் அவமானம் இல்லை. பேட்டரி புதிதாகப் போட்ட டார்ச் ஆளுக்கொன்று வையுங்கள்.

பைனாகுலரும் ஆளுக்கொன்று. குடும்பத்துக்கு ஒன்று என்றால் அது யார் கையில் இருக்கும் என்று நமக்குத் தெரியும். எதிரே வந்த வண்டிகளில் அதைத்தான் பார்த்தோம்: கணவர் பார்த்துவிட்டு, எங்கே என்று சொல்லிவிட்டு, மனைவியிடம் கொடுக்கும்போது சிறுத்தை மரத்திலிருந்து இறங்கியிருக்கும். 8க்கு 42 என்ற அளவு கைக்கும் கண்ணுக்கும் பொருந்தும்.

ஆண் சிங்கம் தூங்க, பெண் சிங்கம் வேட்டையாடும் என்று ஒவ்வொரு வண்டியிலும் சிரிப்பார்கள். கழுதைப்புலிக் கூட்டத்தில் பெண்களுக்குத்தான் மேலிடம் என்றும் சொல்வார்கள். கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் அக்காவுக்குத் தாழ்ப்பாள் போட்ட கழிப்பறை வேண்டும் என்பதற்குக் கழுதைப்புலியைச் சாட்சிக்குக் கூப்பிடத் தேவையில்லை. எனக்கு அங்கே பார்க்க வேண்டியிருந்தவர்கள் மனுஷிகள். மசாய் வீடுகளைக் கட்டுவது பெண்கள். குச்சி நட்டு, சாணமும் மண்ணும் பூசி. பாசிமணி கோப்பதும் அவர்கள்தான். கிராமத்துக்குக் கூட்டிப் போனால் நுழைவுப் பணம் யார் கைக்குப் போகிறது என்று கேளுங்கள். மணியைக் கோத்த கையிலேயே காசைக் கொடுங்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். நம் வாசலில் கோலம் போடும்போது ஒருவர் கேமராவை நீட்டினால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கைடு வேலையில் பெண்கள் இன்னும் குறைவு. ஆனால் அம்போசெலிப் பக்கம் 2019இல் எட்டு மசாய்ப் பெண்கள் வனக்காவலர்களாகச் சேர்ந்தார்கள். போட்ஸ்வானாவின் சோபேயில் ஒரு விடுதியில் கைடுகள் எல்லோருமே பெண்கள். செரெங்கெட்டியில் டுனியா என்ற முகாமைப் பெண்களே நடத்துகிறார்கள். விலை விசாரிக்கும்போது 'பெண் கைடு கிடைப்பாரா?' என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். கிடைக்காவிட்டாலும் கேட்டது கணக்கில் இருக்கும்.

இனாமுக்குச் சிறு டாலர் நோட்டுகள் வேண்டும். கிழியாத, பழைய வருடம் அச்சிடாத நோட்டுகளாகப் பார்த்து வாங்குங்கள். கைடுக்கு ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்து டாலர் என்பது வழக்கம். மூன்று சதுர முனை உள்ள பிளக் அடாப்டர் ஒன்று. ஊறுகாய் ஒரு சின்ன டப்பா. அதற்கு மேல் சாப்பாடு எதுவும் தேவைப்படவில்லை.

வில்சனுக்குத் திரும்பும் விமானத்துக்காக எடை போட்டபோது அக்காவின் பை 11 கிலோ, என்னுடையது 13, மதினியுடையது சரியாக 15. மதினி வீட்டில் மாவு பாதிக்கு மேல் புளித்துக் கிடந்ததாம், எட்டு நாளும் ஓட்டலில் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள். மாமியார் மட்டும் மாத்திரையைத் தவறாமல் போட்டிருந்தார். மதினி கோபப்படவில்லை. டுனியாவுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டார். அடுத்த சீட்டு மாசியில் தொடங்குகிறது. இருபது பேர் வேண்டும், இதுவரை பதினாலு பேர் சேர்ந்திருக்கிறோம்.